மூன்று கால் லாமா

நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
காற்றுக்கும் பஞ்சம்.
எல் ஆல்டோவுக்குப் புதிதாக வருகிறவர்கள்
பத்துப் படி ஏறிவிட்டுச்
சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.
செவெரோவின் கொரோலாவும் அப்படித்தான்,
முப்பத்தொரு வருஷம் இங்கேயே ஓடியும்.
லா பாஸ் பள்ளத்திலிருந்து மேலேறும் சாலையில்
மூன்றாம் கியருக்கே நெஞ்சடைத்துப் போகும்.

"எப்போதும் மூச்சு வாங்குகிறது," என்றான்.
"நீதான் அதற்கு
மூச்சு வாங்கிக் கொடுக்க வேண்டும்.
ஞாயிறு ஒருரோவில் ரேஸ்."

இக்கிகே துறைமுகத்தில் பேரம் பேசி எடுத்த
இரண்டு கேம்ஷாஃப்ட்.
ஜப்பானியச் செய்தித்தாளோடு மேஜைமேல் வைத்தான்.
பக்கத்தில் பாதிப் பணம்.
மீதி ஜெயித்த பிறகாம்.

மூடிகளின் போல்ட்டை
ஓரத்திலிருந்து நடுவுக்கு
கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தினேன்.
ஒரு பக்கம் அவசரப்பட்டால் தண்டு முறியும்.
யாரும் சொல்லித் தரவில்லை,
முறித்துத்தான் தெரிந்தது.
அந்தத் துண்டு இன்றும்
கடைக் கதவுக்கு முட்டு.

பழையதன் மேடுகள் கூர்முட்டை.
புதியதற்குத் தோள் அகலம்.
வால்வைத் திறந்தால் லேசில் மூட விடாது,
விடைபெற்ற பிறகும்
வாசலில் நின்று பேசும் விருந்தாளி போல.
எரிந்த புகை வெளியேறி முடியவில்லை,
புதுக்காற்று உள்ளே நுழைகிறது,
இரண்டு கதவும் சேர்ந்து திறந்திருக்கும்
அந்தக் கணம் இதில் நீளம்.
அந்த நேரம் பார்த்துத்தான்
பிஸ்டனும் மேலே வரும்.

இடிக்குமா?
கண்ணால் பார்க்க முடியாது.
களிமண் வேண்டும்.
கடையில் இருந்தது
என் மகன் வில்கா பள்ளிக்குச் செய்த பச்சை லாமா ஒன்றுதான்.
பின்னங்கால் ஒன்றைப் பிய்த்தேன்.
எண்ணெய் தொட்டு, பிஸ்டன் தலையில் அப்பி,
பழைய கேஸ்கட் போட்டு ஹெட்டை இறக்கி,
பெல்ட்டைப் பல்லுக்குப் பல் பார்த்து மாட்டி,
கிராங்க்கைக் கையால் சுற்றினேன்.
முழுதாக இரண்டு சுற்று.
ஸ்பேனர் வழியே உள்ளங்கையில்
எதுவும் முட்டவில்லை.

மறுபடி எல்லாம் கழற்றினேன்.
லாமாவின் காலில்
பிறைபோல ஒரு தழும்பு.
பிளேடால் அறுத்து அளந்தேன்.
ஒன்றரை மில்லிமீட்டர் வேண்டும்.
இருந்தது ஒன்று புள்ளி ஒன்று.

"நகக்கண் அளவுகூட இல்லை,
இதற்கா யோசிக்கிறாய்?" செவெரோ.
"நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றில்
அந்த அளவு
எத்தனை தடவை உன்னை மன்னிக்கும்?"
பதில் இல்லை. சிகரெட் கேட்டான்.
அதுவும் என்னிடம் இல்லை.

உள்ளிழுக்கும் கேமை மட்டும்
ஐந்து டிகிரி பின்னுக்குத் தள்ளினேன்.
வால்வு கொஞ்சம் தாமதித்து எழும்,
அதற்குள் பிஸ்டன் இறங்கத் தொடங்கியிருக்கும்.
விலை உண்டு:
கீழ்வேகத்தில் இழுவை போகும்.
மீதமிருந்த லாமாவிடம் இன்னொரு துளி கடன் வாங்கி
இன்னொரு முறை அளந்தேன்.
ஒன்று புள்ளி ஆறு.

வெள்ளி இரவு, மேடுகளில் கரும்பசை பூசி,
புது கேஸ்கட் போட்டு மூடிச்
சாவியைத் திருப்பினேன்.
முதல் இருபது நிமிஷம் வேகத்தைக் குறைக்கக் கூடாது,
மேடும் வால்வுத் தொப்பியும்
அப்போதுதான் ஒன்றையொன்று பழகும்.
எதிர்வீட்டு யோலா ஜன்னலைத் திறந்து திட்டினாள்.
உதடு அசைந்தது தெரிந்தது, அவ்வளவுதான்.

பிறகு காலை எடுத்தேன்.
என்ஜின் தடுமாறியது,
ஒன்று விட்டு ஒன்று,
நின்றுவிடுமோ என்று பயம்காட்டி
மறுபடி ஓர் எட்டு.

தூக்கம் கலைந்து வந்த வில்கா
போர்வையோடு நின்று கேட்டான்.
மேஜையில் லாமா
ஸ்பார்க் பிளக்கில் சாய்ந்திருப்பதைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான். பானெட்டைப் பார்த்தான்.
"அம்மா, உள்ளே அது நொண்டுகிறது."

"நிற்கும்போதுதான் நொண்டும்," என்றேன்.
அவன் நம்பவில்லை.
பிறை பதிந்த பச்சைத் துண்டைக்
கையில் கொடுத்தேன்.
தழும்பு வெளியே தெரிகிற மாதிரி
ஒட்டவைத்தான்.

ஞாயிறு வந்தது, போனது.
மீதிப் பணம் இன்னும் வரவில்லை.
ஆனால் நேற்று மாலை
பள்ளத்துச் சாலையிலிருந்து ஒரு சத்தம் ஏறி வந்தது,
நான்காவது கியரில்,
எங்கும் நிற்காமல்.